ஜன்னல் வைத்த ஜாக்கெட்

அம்மா,

அறிவொளியில படிச்சதை வச்சு எழுத்துக்கூட்டி வாசிச்சுருவன்னுதான் பெரிசு பெரிசா எழுதுதேன். நீ தண்ணிக்குப் போன நேரம் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்துரும்போல.

உளுந்தை வடைக்கு ஆட்டாத, இட்லிக்கு வச்சுக்கோ. கயத்தாத்துல இருந்து மாப்பிள்ளையோட அக்கா இன்னைக்கு வரமாட்டாவ. இந்த இடமும் போச்சு.

கல்யாண ஜாக்கெட்டு தைக்கிறது அவிய வீட்டு முறை. அளவு ஜாக்கெட்டு வாங்கத்தான் வாரேன்னாவ. முதுகுல ஜன்னல் வச்சு, நாடா கட்டி, குஞ்சம் தொங்கவிடணும்னு அவியளுக்கு ஆசை. "எங்க வீட்டுல ஜன்னல் வைக்கிற பழக்கம் இல்லன்னு சொல்லிருவோம்"னு நீ சொல்லுத. கழுத்தேறின ஜாக்கெட்டு தாலி ஏறுற வரைக்கும் மறைக்கும். அதுக்கப்புறம்? ஆபீஸ்ல தீக்குச்சி மருந்து பத்திக்கிட்டப்ப வெந்த முதுகை எத்தனை நாளைக்கு மூடி வைக்க?

நேத்து சாயங்காலம் அந்த அக்காவை பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். வளையல் கடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, ரெண்டு ஊக்கைக் கழட்டி, முதுகைக் காட்டிட்டேன். அவிய என் முந்தானையை இழுத்துப் போத்திவிட்டுட்டு பஸ் ஏறிட்டாவ. ராத்திரியே சொல்லியிருப்பேன், நீதான் ஜாக்கெட்டுச் சண்டையில என்கிட்ட பேசாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்ட.

திட்டணும்னா நான் வந்ததும் திட்டு. அதுக்காகச் சாப்பிடாமக் கிடக்காத. பழைய சோறும் வெங்காயமும் மூடி வச்சிருக்கேன்.

வேலுத்தாய்

இடமில்ல, ஓரத்துல எழுதுதேன். ஒருவேளை அவிய வந்துட்டாவன்னா, அளவு ஜாக்கெட்டு கொடியில கிடக்கு. ராத்திரியே துவைச்சுப் போட்டுட்டேன்.