அட்மின் தையல்நாயகியும் ஞாயிற்றுக்கிழமை வார்டும்

ராஜகீழ்ப்பாக்கம்,
வியாழன் காலை, கடை திறக்கும் முன்.

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அப்பா ஜெபகுமார் எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு வியாதி. பயப்படாதே, நடிப்பு வியாதிதான், விவரம் கடைசியில் வருகிறது, இப்போதே தாவிப் போய்ப் படிக்காதே. அங்கே பனியில் நீ குறைவில்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் படுக்கிறோம், ஆண்டவர் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றித் தரட்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வேறு என்ன செய்ய, வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் மூன்று வாரமாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போனில் கூப்பிட்டால் சாப்பிட்டேன்ப்பா, தூங்கப் போறேன்ப்பா என்று வைத்துவிடுகிறாய். உன் ஜூனியர் பிரிட்டோ, குரோம்பேட்டைப் பையன், லீவு முடிந்து நாளை நீ படிக்கும் திபிலீசிக்குக் கிளம்புகிறான். அவன் பெட்டியில் இட்லிப் பொடிக்கும் புளிக்காய்ச்சலுக்கும் நடுவில் இதைச் செருகி அனுப்புகிறேன். பேப்பரை ஸ்விட்ச் ஆஃப் செய்ய முடியாது பார்.

கடை நன்றாக ஓடுகிறது. ஜங்ஷனில் எந்நேரமும் வண்டி நெரிசல், நின்று சலித்தவர்கள் இறங்கி வந்து ஆதார் அட்டையையாவது ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மெடிக்கல் படிக்கிற பிள்ளைகள் வருவதும் கூடிவிட்டது. போனை நீட்டி, அங்கிள், குரூப்ல வந்தது, முந்நூறு பக்கம், ரெண்டு பக்கமும் எடுத்து ஸ்பைரல் போட்டுடுங்க என்கிறார்கள். ஒரு பெண் போன வாரம் பிரிண்ட் எடுத்ததையே இந்த வாரமும் எடுக்க வந்தாள். இதைத்தானம்மா அன்றைக்கே எடுத்தாய் என்றேன். அப்படியா அங்கிள், இது வேற குரூப்ல வந்துச்சு, புதுசுன்னு நெனச்சுட்டேன் என்றாள். அவளுக்கு ஏழெட்டு குரூப்பாம். ஒன்றில் கேள்விகள், ஒன்றில் படங்கள், ஒன்றில் பழைய வினாத்தாள், எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறதாம், படிக்கத்தான் நேரமில்லையாம். இதையெல்லாம் கேட்கும்போது உன்னுடைய ‘ஞாயிற்றுக்கிழமை வார்டு’ குரூப்பை நினைத்து நான் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வேன். உனக்கே அதை விளக்கத் தேவையில்லை, ஆனால் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வெளிநாட்டில் இங்கிலீஷில் படித்துவிட்டு இங்கே ஆஸ்பத்திரிக்கு வேலை பழக வந்தால், நோயாளி தமிழில் சொல்வது ஒன்றும் பிடிபடாமல் முழிக்கிறோம் என்று உன் சீனியர்கள் புலம்பினார்களே, அதைக் கேட்டு நீ ஆரம்பித்த குரூப். டாக்டர்கள் திபிலீசியில் நீ, மணிலாவில் ஹரிபிரசாத், பிஷ்கெக்கில் தமிழினி. நோயாளியாக நடிப்பவர்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் உன் அம்மா ஷீலாவும் மாடியில் இருக்கும் நம் வீட்டுக்கார அம்மா தையல்நாயகியும். புதன்கிழமை தமிழினி ஒரு வியாதியை நோயாளிக்குத் தனியாக அனுப்புவாள், எதைத் தானாகச் சொல்லலாம், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று பிரித்து. ஞாயிறு மாலை வீடியோ காலில் நீயோ ஹரிபிரசாத்தோ விசாரித்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு நோயாளியின் புருஷன் வேஷம். அவளைக் கேட்டால் நான் பதில் சொல்லிக் கெடுக்க வேண்டும், அப்படிப்பட்ட புருஷனைச் சமாளிக்க நீங்கள் பழக வேண்டும். இதற்கு நடிப்பே தேவையில்லை என்று அம்மா சொல்கிறாள்.

அப்படி நீ வைத்த குரூப்பிலிருந்து, உன் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று நீயே வெளியேறிவிட்டாய். ஜெரூஷா வெளியேறினார் என்று சின்னதாக ஒரு வரி. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மா பருப்பைத் தீய விட்டாள். அவளிடம் நீ சொன்னதை அவள் என்னிடம் சொன்னாள். ஒரு தடவை தோற்றவள் இன்னொரு தடவையும் தோற்பேன், மார்ச் மாத மறுபரீட்சைக்குப் பணம் கட்டப் போவதில்லை, ஊருக்கு வந்து கம்ப்யூட்டர் ஏதாவது படிக்கிறேன் என்றாயாம். அதற்கு என் பதிலைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் நீ போன பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேள்.

குரூப்பில் நீ ஒருத்திதான் அட்மின். அட்மின் போய்விட்டால் வாட்ஸ்அப் தானாகவே வேறு ஒருவரை அட்மின் ஆக்கிவிடுமாம், இது எங்கள் யாருக்கும் தெரியாது. அது ஹரிபிரசாத்தைப் பார்க்கவில்லை, தமிழினியைப் பார்க்கவில்லை, நேராகப் போய் நம் தையல்நாயகி அம்மாவைப் பிடித்துக்கொண்டது. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, சார், எனக்கு இன்னாவோ போட்டுக்கீது பாருங்க என்று போனைக் காட்டினார். இனி நீங்கள்தான் அட்மின் என்று நான் சொன்னதுதான் தாமதம், முகமே மாறிவிட்டது. முதல் காரியமாக, உன் ஸ்டெதஸ்கோப் படத்தை எடுத்துவிட்டு அவர் பேரன் மொட்டை அடித்த படத்தை முகப்பில் வைத்தார். அடுத்து எதையோ அழுத்தப் போய் ஹரிபிரசாத்தையே நீக்கிவிட்டார். அவன் பாவம், நான் என்ன தப்பு செய்தேன் சார் என்று மணிலாவிலிருந்து என்னைக் கூப்பிட்டான். அவனைத் திரும்பச் சேர்க்கிற முயற்சியில், அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று ஒரு பூட்டு இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டார். இரண்டு நாள் இரண்டு நாட்டு மருத்துவ மாணவர்களும் வாய் திறக்க முடியாமல் இருக்க, இவர் மட்டும் காலை வணக்கம், சாம்பார் வைப்பது எப்படி, மோட்டார் போடும் நேரம் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய தண்ணீர் விஷயமெல்லாம் பிஷ்கெக் வரை போயிற்று. பூட்டைத் திறக்கச் சொல்லி நான் மாடிக்கு இரண்டு தடவை ஏறினேன். அட்மின் பொறுப்பைத் தமிழினிக்குக் கொடுத்துவிடுங்களேன் என்று நயமாகக் கேட்டும் பார்த்தேன். அது ஜெரூஷா பாப்பா வச்ச குரூப்பு சார், அது வந்து கேக்கட்டும், அது கைலதான் குடுப்பேன் என்று சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தாமல் இறங்கி வந்துவிட்டேன். எனக்கும் அதுதான் ஆசை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏன் தோற்றாய் என்று நீ சொல்லவில்லை, பிரிட்டோதான் உன் வகுப்புத் தோழியிடம் கேட்டதாகச் சொன்னான். பரீட்சைக்கென்று நோயாளியாக நடிக்க வைத்திருந்த ஒரு அம்மாள் தன் மகன் வெளியூரில் இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாளாம், நீ கேட்டுக்கொண்டே இருந்தாயாம், வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டதாம். இதை நான் நீ போன பிறகு வந்த முதல் ஞாயிறே குரூப் காலில் சொன்னேன். உடனே தமிழினி சிரிக்க ஆரம்பித்தாள். அங்கிள், அவ யார்கிட்ட கேஸ் எடுத்துப் பழகினான்னு யோசிங்க, நம்ம நோயாளிகள் எப்பவாவது நிறுத்தி இருக்காங்களா என்றாள். எனக்குப் பளிச்சென்று விளங்கியது. ஷீலாவிடம் தலைவலி எப்போது வந்தது என்று கேட்டால் பெரும்பாக்கத்தில் அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஆரம்பிப்பாள், அங்கே பாயசத்தில் முந்திரி குறைந்தது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் தலைக்கு வருவாள். தையல்நாயகி அம்மாவோ கொடுத்த வியாதியோடு சொந்த முழங்கால் வலியையும் சேர்த்து ஓட்டுவார். ஹரிபிரசாத், ஆன்ட்டி, நிஜ வலியை இங்க சொல்லாதீங்க, நாங்க இன்னும் டாக்டர் ஆகல, நிஜ டாக்டர்கிட்ட போங்க என்று எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறான். நீ மட்டும்தான் ஒருநாளும் அவர்களை மறித்ததில்லை. ஒரு கேஸுக்கு ஒரு மணி நேரம் கேட்பாய். ஆக நீ படிப்பில் தோற்கவில்லை மகளே, ராஜகீழ்ப்பாக்கத்துப் பேச்சில் பழகிப் போய்த் தோற்றிருக்கிறாய். இதற்கு மருந்து இருக்கிறது, நாங்கள் கண்டுபிடித்தும் விட்டோம்.

மருந்து நான்தான். புருஷன் வேஷத்தோடு எனக்கு இப்போது மணி அடிக்கிற வேலையும் கொடுத்திருக்கிறார்கள். எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். உங்கள் பரீட்சைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆனதும் ஒரே தட்டு, யார் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் கேஸ் முடிந்தது. முதல் வாரம் ஹரிபிரசாத்துக்கு அம்மாவின் பெயரும் வயதும்தான் கிடைத்தது. இரண்டாவது வாரம் பையன் விவரமாகிவிட்டான். அம்மா முந்திரிக்குப் போனதும், அதை அப்புறம் கட்டாயம் கேட்கிறேன் ஆன்ட்டி, இப்போ வலி எங்கேன்னு ஒரு விரலால காட்டுங்க என்றான். அவ்வளவுதான், அம்மா பேச்சை விட்டு விரலை வைத்தாள். நான் அசந்துபோனேன், இருபத்தாறு வருஷமாக எனக்கு இது தெரியாமல் போயிற்றே. பித்தப்பைக் கல் என்று சரியாகச் சொல்லி முடித்தான், நான் டம்ளரைத் தட்டினேன், எல்லோரும் கைதட்டினோம். ஆனால் தையல்நாயகி அம்மாவுக்குத் திருப்தி இல்லை. இன்னா தம்பி, எல்லாம் கரீட்டா கேட்ட, வந்தவள சாப்டியா, கூட யாரு வந்துக்கீறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, ஜெரூஷா பாப்பா அதத்தானே மொதல்ல கேக்கும் என்றார். ஹரிபிரசாத் கோபித்துக்கொள்ளவில்லை. ஆமா ஆன்ட்டி, அவ அப்படிக் கேட்டா நோயாளி பயம் விட்டுப் பேசுவாங்க, நான் அவகிட்ட இருந்துதான் கத்துக்கணும், நேரத்தை வேணா அவ என்கிட்ட கத்துக்கட்டும் என்றான். நீ கேட்கும் அந்த இரண்டு கேள்வியையும் அப்போதே தமிழினி எழுதி அனுப்ப, அட்மின் அம்மா அதை எப்போதும் மேலே தெரியும்படி குரூப்பின் தலையில் குத்தி வைத்திருக்கிறார். அவர் உருப்படியாக அழுத்திய ஒரே பட்டன் அது.

இன்னொரு சந்தோஷம். எல்லோரும் சொல்லிச் சொல்லி, தையல்நாயகி அம்மா போன வாரம் முழங்காலுக்கு நிஜ டாக்டரிடமே போய்விட்டார். உட்கார்ந்ததும், எப்போது ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, சர்க்கரை இருக்கிறது, அலர்ஜி இல்லை என்று கேட்காமலே வரிசையாக ஒப்பித்தாராம். அந்த டாக்டர் நீங்கள் நர்ஸா அம்மா என்று கேட்டிருக்கிறார். இல்ல சார், நான் அட்மின் என்றாராம். தெருவே சிரித்தது.

நீ அம்மாவிடம் சொன்னதற்கு என் பதில் இதுதான். நீ திரும்பி வந்தால் வாசலில் நின்று உன் பெட்டியை வாங்கிக்கொள்வேன், ஒரு கேள்வி கேட்க மாட்டேன், கம்ப்யூட்டர் என்றாலும் சந்தோஷமாகச் சேர்த்து விடுவேன். ஆனால் உனக்கு டாக்டர் வேலை பிடிக்காமல் போய் நீ வரவில்லை, வெட்கப்பட்டு வருகிறாய், அது எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர் பேசுவதை உட்கார்ந்து கேட்கிற மனசு உனக்கு இருக்கிறது. மணி பார்த்துக் கேட்பது பழகினால் வந்துவிடும், என் டம்ளர் சத்தத்தை நாலு ஞாயிறு கேட்டால் போதும். உன்னை நினைத்து எனக்கு இன்றைக்கும் பெருமைதான், தோற்ற அன்றைக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதைப் போனில் சொல்ல நீ விடவில்லை.

இனி அம்மாவின் வியாதி. இந்த ஞாயிறு டாக்டர் முறை உன்னுடையது. அதை ஹரிபிரசாத் எடுத்துக்கொள்ளவில்லை, தமிழினியும் அவனுக்கு மாற்றித் தரவில்லை, நீ வராவிட்டால் காலியாகவே போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தமிழினி நேற்று வழக்கம்போல அம்மாவுக்கு ஒரு வியாதியை அனுப்பிவிட்டாள். அதிலிருந்து அம்மா ஒரு தினுசாக நடக்கிறாள். தோசை திருப்பும்போது இடுப்பைப் பிடிக்கிறாள், மாடிப்படியில் மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறாள், நான் எட்டிப் பார்த்தால் சட்டென்று நிமிர்ந்துகொள்கிறாள். என்னடி உனக்கு என்று நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். டாக்டர் கேட்டாத்தான் சொல்லுவேன், உங்ககிட்ட சொன்னா நீங்க குறுக்க பூந்து சொல்லிடுவீங்க என்கிறாள். வேறு டாக்டரிடமும் சொல்ல மாட்டாளாம்.

பொடியில் எள் அதிகம், காரம் குறைவு, உன் வயிற்றுக்காக. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பிரிட்டோவிடம் மார்ச் பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி கேட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வெள்ளி, மறந்துவிடாதே. தையல்நாயகி அம்மா உனக்கு அழைப்பு அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறார், வாட்ஸ்அப்பைப் போனில் திரும்ப ஏற்றினால் முதலில் அதுதான் வரும். நீ போகும் வழியெல்லாம் தேவன் உனக்கு முன்னால் நடக்கட்டும், உன் கை தொடும் உடம்பெல்லாம் சுகமாகட்டும், அம்மாவும் நானும் முழங்காலில் நின்று கேட்பது இது ஒன்றுதான்.

ஞாயிறு மாலை ஐந்தரை, உனக்கு அங்கே நாலு மணி. சாப்பிட்டுவிட்டு உட்கார். என் பெண்டாட்டிக்கு என்ன வியாதி என்று நீ வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

உன் அன்பு அப்பா,
ஜெபகுமார்
(நோயாளியின் புருஷன், டம்ளர் இன்சார்ஜ்)