நாலாவது கம்பியின் சூடு

இன்று காலை குளிப்பதற்காக வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பியைப் போட்டேன். கம்பியைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் எழும்பின. சூடேறும் தண்ணீரின் அந்த உலோக வாடை வந்ததும் உன் நினைவும் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி நாற்பது நாளாகிறது. உன் மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. அதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் நாம் இருவரும் ஒரே நாளில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். அணு உலையில் எரிபொருள் கம்பிகள் கத்தையாக நிற்கும். அவற்றின் இடையே ஓடும் தண்ணீர்தான் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். ஆராய்ச்சிக்காக, அதைப் போலவே மின்சாரத்தால் சூடேறும் ஏழு கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் நிறுத்தி, பம்ப் வைத்துத் தண்ணீர் ஓடவிட்டோம். ஒவ்வொரு கம்பியின் சூட்டையும் அளந்து எழுதுவது என் வேலை. பம்பும் குழாயும் உன் பொறுப்பு. மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வால்வைத் திருக உட்கார்ந்துவிடுவாய். ஒழுகுகிற குழாய்கூட நீ தொட்டால் நின்றுவிடும். அதிலும் எனக்குப் பொறாமைதான்.

நாலாவது கம்பி மட்டும் தினமும் அதிகச் சூடு காட்டியது. அளக்கும் கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து, மூன்று வாரம் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்தேன். ஒரு நாள் நோட்டைப் புரட்டிய நீ, அடித்த எண்களை மட்டும் விரலால் தொட்டு வாசித்தாய்.

“ஏட்டி, கருவி பொய் சொல்லல. கம்பி வளைஞ்சு பக்கத்துக் கம்பிய ஒட்டி நிக்கி. அந்த இடுக்குல தண்ணி சரியா ஓடமாட்டேங்கு. பொறவு சூடு எங்க போவும்?”

மறுநாள் லாந்தர் விளக்கின் கண்ணாடிச் சிம்னி ஒன்றும் ஏழு பென்சில்களும் கொண்டுவந்தாய். பென்சில்களைச் சிம்னிக்குள் நிறுத்தி, இரண்டை மட்டும் நெருக்கி வைத்து, குழாயடியில் பிடித்தபடி மேலே மையைச் சொட்டினாய். அகன்ற இடங்களில் மை சட்டென்று ஓடிவிட்டது. அந்த இடுக்கில் மட்டும் தயங்கி நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டு, “இது யாருக்குத் தோணுச்சு?” என்றார். நீ வாய் திறப்பதற்குள், “ரெண்டு பேருக்கும்தான் சார்” என்றேன். நீ என்னை ஒரு முறை பார்த்தாய். பிறகு, “ஆமா சார், ரெண்டு பேருக்கும்தான்” என்றாய். அதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையில் இரண்டு பெயரும் வந்தன. நீ கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீயோ மறுநாள் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாய்.

பிறகு நீ அணு உலை ஆராய்ச்சிக்குத் தேர்வாகிப் போனாய். நான் அதே கல்லூரியில் இருந்துவிட்டேன். பொங்கலுக்கு நீ ஊருக்கு வரும்போதெல்லாம், வேலை இருக்கிறதென்று சொல்லி உன்னைப் பார்க்காமல் தவிர்த்தேன்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். உன் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “அவ ஒங்களப் பத்தி எம்புட்டோ சொல்லியிருக்கா. அந்தக் கம்பிச் சூட்ட மொதல்ல பாத்தது நீங்கதானாமே” என்றார்.

முதலில் பார்த்தது நான்தான். அதை அடித்துவிட்டதும் நான்தான். முன்னதை மட்டும் நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். உன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை யாரிடமும் நான் சொன்னதில்லை. உன் மூளையைப் பார்த்து இத்தனை வருடம் எரிந்தவள், அன்று உன் மனசைப் பார்த்து எரிந்தேன்.

“ஆமா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் தந்த காப்பியைக் குடித்தேன். மீதியைச் சொல்லாமல் எழுந்து வந்ததுதான் இன்னும் என்னோடு இருக்கிறது.