ஐந்தை ஆறாக்காத நாள்

இன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த ஒருவர் என் முன்னால் கையெழுத்துப் போட்டு, கீழே நேற்றைய தேதியை எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியாடி" என்று உன் மேசைப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே இப்போது கணினி இருக்கிறது, முன்னால் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறான். "என்னங்க மேடம்?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். நீ போய்ச் சேர்ந்து இது இரண்டாவது மழைக்காலம், இன்னும் அந்தப் பக்கம்தான் திரும்புகிறேன்.

மந்தாரக்குப்பத்தில் அந்த வாடகை அறையை நாம் இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். ஜன்னல் ஓரம் உன் டைப்ரைட்டர், உள்ளே நோட்டரி பப்ளிக் என்ற பலகைக்குக் கீழே நான். ஆள் இருந்தால் நான் உனக்கு வக்கீலம்மா, ஆள் போய்விட்டால் "ஏண்டி". பத்திரத்தின் அடியில் என் சான்றை நிரப்புவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நேரம் உனக்குப் பொறுக்காது. ஊர் பெயர், தேதி, யார் வந்தார், அவர்தான் இவர் என்பதற்கு என்ன ஆதாரம், பதிவேட்டு எண், என் கையெழுத்து, முத்திரை. காலியாக விட்ட இடத்தில் கோடு. "சாமி கும்புடறவ கூட இவ்ளோ நேரம் நிக்க மாட்டா" என்பாய்.

அந்தோணிசாமி வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. சுரங்கத்தில் காண்ட்ராக்டில் வேலை. பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. ஆனால் பள்ளிச் சான்றிதழில் அந்தோணிசாமி, காண்ட்ராக்ட் அட்டையில் அந்தோணி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். நைட் ஷிஃப்ட் முடித்து, போகிற வழியில் அன்றைக்கே முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு வந்தார். நீ தட்டிக் கொடுத்தாய், அவர் என் முன்னால் கையெழுத்துப் போட்டார். செகண்ட் ஷிஃப்ட் போகிற கூட்டாளி மத்தியானம் வந்து வாங்கிக்கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே வடலூர் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்து வந்தவரை அனுப்பிவிட்டுச் சான்றை நிரப்ப உட்கார்ந்தேன். அன்றைக்குத் தேதி ஆறு. கையெழுத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது ஐந்து. முத்திரைத்தாளின் முதுகில் விற்றவர் போட்ட தேதியோ ஆறு. தாள் வாங்குவதற்கு முந்தின நாளே கையெழுத்து! "இன்று என் முன்னிலையில்" என்று அதன் கீழே நான் எப்படி எழுதுவேன்?

நீ எட்டிப் பார்த்தாய். "அட, இதுக்கா? அஞ்சோட வாயை மூடினா ஆறு. நான் ஒரு சுழி இழுத்துடறேன், குடு."

"அது அவர் போட்ட தேதி. அவர்தான் அடிச்சு, பக்கத்துல சரியா எழுதி, சின்னக் கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் என் சீல்."

"ராத்திரி பூரா மண்ணுல நின்ன மனுசன். இப்பத்தான் தூங்கிக்கினு இருப்பாரு."

"அதுக்கு?"

"அதுக்கா? ஒரு ஆளு பர்மனென்ட் ஆவறத விட உனுக்கு அந்த ஒரு சுழி பெருசாப் போச்சா? கல்லுடி நீ."

"ஒரு சுழி மேல சந்தேகம் வந்தா பத்திரமே போச்சு. அவர் வேலையும் போச்சு. கல்லுன்னா கல்லுதான் போ."

கோபத்தில் டைப்ரைட்டரின் உறையை அறைந்து மூடினாய். "நீ கத்திக்கினு இரு. நான் போயி இட்டுக்கினு வரேன்" என்று மொபெட்டை எடுத்தாய். தெரு முனை திரும்பும்வரை அந்தச் சத்தத்திலும் என்னைத் திட்டுவது கேட்டது.

வடலூரில் நடந்ததை அப்புறம் நீ சொல்லித்தான் தெரியும். அவர் மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். நைட் ஷிஃப்ட் பார்த்து வந்த ஆளை எழுப்புவது இங்கே எந்த வீட்டிலும் நடக்காத காரியம், குழந்தைகளைக்கூட வெளியே விரட்டிவிடுவார்கள். "எழுப்ப மாட்டேங்க, சாயங்காலம் வாங்க" என்றாளாம். "சாயங்காலம் ஆபீசை மூடிடுவாங்க. பர்மனென்ட் ஆன பொறவு ஆயுசுக்கும் தூங்கட்டும், இப்ப எழுப்பும்மா" என்று நீ போட்ட சத்தத்தில் அவரே எழுந்து வந்துவிட்டாராம்.

லுங்கியோடு, கன்னத்தில் பாய்த் தடத்தோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். நான் தேதியைக் காட்டியதும் அவர் குழம்பினார். "சரியாத்தானங்க போட்டேன்? ஷிஃப்ட் ஏறுனது அஞ்சாந்தேதி. வூட்டுக்குப் போயித் தூங்கி எழுந்தாத்தாங்க எங்களுக்கு அடுத்த நாளு."

நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவ்வளவு சண்டைக்கும் பிறகு விழுந்து விழுந்து சிரித்தோமே! அவர் ஒரே கோடாக அடித்து, ஆறு என்று எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில் போட்டேன். சான்றை முடித்து முத்திரை குத்திய மை காய்வதற்குள் கூட்டாளி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் பர்மனென்ட் ஆனார். தேதியை அடிக்காமல் அதன் மேலேயே எழுதித் திருத்திய வேறொருவரின் பத்திரம் திரும்பி வந்தது என்று கேள்விப்பட்டதும், அதை உன்னிடம் சொல்லிக் காட்டாமல் விடுவேனா? ஒரு வாரம் சொல்லிக் காட்டினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அன்று நான் செய்ததுதான் சரி. இதில் நீ எங்கிருந்து சண்டைக்கு வந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தோணிசாமி பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். என் மேசையைத் தாண்டிப்போய் உன் மேசையில் இறக்கினார். எனக்குச் சுருக்கென்றது. "சீல் போட்டது நான், பழம் உனக்கா?" என்றேன்.

"நீ சொன்ன, நான் போனேன். சொன்னதுக்கெல்லாம் பழம் குடுப்பாங்களா?" என்றாய், கையில் எண்ணெய் தடவிக்கொண்டே. முதல் சுளையை எனக்குத்தான் கொடுத்தாய். அதையும் முறைத்துக்கொண்டே தின்றேன்.

நீ போன பிறகு எத்தனையோ நாள் அந்தப் பதிலை நினைத்திருக்கிறேன். முடியாது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அது என் பிறவிக் குணம். அந்த முடியாது ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிடாமல் அத்தனை வருடமும் வெயிலில் அலைந்து காப்பாற்றியது நீ. உன் தைரியத்தில்தான் நான் அவ்வளவு கறாராக இருந்தேன். நீ இல்லாமல் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான் இருக்கிறது, போ.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். கணவர் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், அவருக்குப் பதிலாகத் தானே கையெழுத்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். "முடியாதும்மா, அவர்தான் போடணும். நான் கண்ணால பார்க்கணும்" என்றேன். அவள் தாளை மடித்து எழுந்தாள். நானும் எழுந்தேன். பதிவேட்டையும் முத்திரையையும் மையையும் பையில் போட்டு, வண்டிச் சாவியை எடுத்தேன்.

"எங்கங்க மேடம்?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான். பின்னால ஏறிக்கம்மா" என்றேன்.