இடது கால்

என் கோச்சாகவும் வீட்டுக்காரராகவும் இருந்தவருக்கு,

கபடி ஆட்டம் முடிந்த பிறகுதான் இதை உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எதிரணியில் என்னைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள்.

முழங்கால் ஜவ்வு கிழிந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னீர்கள், "இவ கால் போச்சி. இனிமே ஆவாது." அணியில் என் இடம் புதிதாக வந்தவளுக்குப் போனது. பிறகு வீட்டிலும்.

ஆபரேஷன் முடிந்து செங்கம் ரோட்டில் பிசியோதெரபிக்குப் போனேன். முதலில் காலை மடக்கவே அழுதேன். போகப்போக, தோளில் எடையை வைத்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலிலேயே உட்கார்ந்து எழுந்தேன். வலி வந்தால் மற்றவர்கள் "அண்ணாமலையாரே" என்பார்கள். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். பிசியோ மேடம் சிரித்தார், "வீட்டுக்காரர் மேல அவ்ளோ பக்தியா?"

இப்போது வலது காலைவிட இடது காலில்தான் பலம் ஜாஸ்தி. ஆனாலும் போன பௌர்ணமி கிரிவலத்தில், அடி அண்ணாமலையில் உங்கள் அம்மாவின் கடை முன்னால் மட்டும் நொண்டி நடந்தேன். "இன்னும் சரியாவலியாடி?" என்று அத்தை கண் கலங்கினார். பொழுது விடிவதற்குள் அது உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

"அவ லெஃப்ட் கால புடிங்க" என்று உங்கள் பெண்களிடம் சொல்லியிருப்பீர்கள். நானும் அதைத்தான் நீட்டியிருப்பேன். பிடித்தவர்களை அப்படியே நடுக்கோடு வரை இழுத்து வந்திருப்பேன், அவளையும் சேர்த்து.

அவள் விழுந்து எழுந்தபோது நீங்கள் முதலில் பார்த்தது முகத்தையா, முழங்காலையா என்று அவளும் கவனித்திருப்பாள்.

இப்படிக்கு,
ஆகாது என்று நீங்கள் கழித்த கால்காரி