பதில் இல்லையெனில் நாளை

நாள் 3, காலை 7.10
ஆழம் தொண்ணூறு மீட்டர். காற்று இருப்பு முழுமை. கடற்பாசிப் பண்ணை விளக்குகள் சரி. இங்கே இருவர்: ஜெனோவா அக்கா, நான் (ரெக்ஸிலின், வயது பதினேழு). இந்தக் கடலடி நிலையத்தில் பொத்தான்கள் கிடையாது. இயந்திரம் குரலுக்குத்தான் கீழ்ப்படியும். “ரெக்ஸிலின் குரலைப் பதியவா? பதில் இல்லையெனில் நாளை” என்று கேட்டது. கூச்சமாக இருந்தது. பேசவில்லை.

நாள் 19, மாலை 4.30
அக்கா கொண்டுவந்த புத்தகங்களைப் படிக்கிறேன். மனிதர்கள் அன்றாடம் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றியவை. படிவத்தில் முன்கூட்டியே எதில் குறி போட்டிருக்கிறதோ, பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிடுவார்களாம். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றதும் அப்படித்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புத்தகத்தில் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டேன்.

நாள் 20, காலை 7.10
இயந்திரம் இன்றும் அதையே கேட்டது. வாயைத் திறந்தேன். பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கியில் அக்கா: “ஏட்டி, அது என்ன ஒன்னப் பொண்ணு பாக்கவா வந்திருக்கு? பேசுட்டி!”
வெட்கமாகிவிட்டது. நாளை.

நாள் 41, காலை 10.05
மேலே எங்கள் கப்பலுக்குச் செல்லும் கம்பியில் மீன்வலை சிக்கியிருக்கிறது. அதை அறுக்க அக்கா முதன்முறையாக வெளியே போயிருக்கிறாள். முதுகு உருளையில் நாற்பது நிமிடக் காற்று.

10.38
வலையோடு கம்பியும் அறுந்துவிட்டது. கப்பலோடு தொடர்பு இல்லை. அக்கா வெளியே கதவருகே, தலைக்கவச ஒலிவாங்கியில்: “கதவத் தொறட்டி ரெக்ஸி, கை வெறச்சுப் போச்சு.”
திற என்றேன்.
“பதிவில்லாத குரல். கதவு மூடியே இருக்கும்.”
அக்காவின் குரல் பதிவானதுதான்; ஆனால் வெளியிலிருந்து வந்தால் அதையும் ஏற்பதில்லை. நாற்பது நாளும் இருவருக்கும் சேர்த்து அக்காவே பேசினாள். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

10.43
கத்துகிறேன். என் குரலைப் பதி என்கிறேன். “பதிவான ஒருவர் உள்ளே நின்று ஆம் சொல்ல வேண்டும்.”

10.45
அக்கா: “நல்லாத்தான பேசுத. இவ்ளோ நாளா எங்கட்டி வச்சிருந்த இந்தக் குரல?”
கதவில் மூன்று தட்டு.

நாள் 44, காலை 7.10
அக்காவின் இடுப்புக் கயிறு வெளிக்கொக்கியில் மாட்டியிருக்கிறது. நீரோட்டம் திரும்பும்போதெல்லாம் கதவில் தட்டு கேட்கிறது. எண்ணக் கூடாது என்று நினைக்கிறேன். மூன்று.
காற்று ஆறு நாளுக்கு. எடைகளைக் கழற்றினால் நிலையமே மிதந்து மேலேறும். இயந்திரம் கேட்டது: “மேலே போகவா, தங்கவா?”
போகணும். போகணும்.
“பதிவான பதில் இல்லை. தங்குகிறோம்.”

நாள் 49, காலை 7.10
இதைக் கண்டெடுப்பவரே, எனக்குப் பேச வரும்.
“ரெக்ஸிலின் குரலைப் பதியவா?”
ஆம் ஆம் ஆம்
“பதிவான பதில் இல்லை. நாளை.”