லேபிள் தைத்த கை

அண்ணா,

எங்களுக்கு வர வேண்டிய உதவியைக் கெடுத்தவன் நீதான்.

இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அரசு தரும் உதவி எங்களுக்குக் கிடையாதாம். நம் சட்டை ஆலை மூடும்வரை நம் சரக்கு கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்ததாம்; அதனால் இறக்குமதியால் வேலை போகவில்லையாம். "சட்டை பூரா உங்க லேபிள்தானேம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

அந்த லேபிளைத் தைத்தவள் நான். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த சட்டைகளின் லேபிளைப் பிரித்து, நம்முடையதைத் தைக்கச் சொன்ன சூப்பர்வைசர் நீ. "கையில வேலை இருக்குல்ல? வாயை மூடிட்டுத் தை" என்றாய். தைத்தேன்.

இதைச் சொன்னேன். அதிகாரி நம்பவில்லை. சூப்பர்வைசரே வந்து சொல்லட்டும் என்கிறார். பக்கத்து மெஷின் அக்கா சிரித்தாள். "உங்கண்ணன் இப்போ அந்த இறக்குமதிக்காரன் குடோனுக்கே மேனேஜர். வந்து கிழிச்சாரு போ!" அவளோடு சண்டை போட்டேன். இன்னும் பேசவில்லை.

அம்மா நலம். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறாள். டாக்டர்தான் சொன்னார் என்கிறாள். உனக்கு நல்ல வேலை கிடைத்ததைத் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

நீ பதில் போடாத முந்தைய இரண்டு கடிதங்களிலும் கெஞ்சினேன். இதில் கெஞ்சவில்லை. திங்கட்கிழமை எங்களை மறுபடி விசாரிக்கிறார்கள். வந்து, அந்தச் சட்டைகள் எங்கிருந்து வந்தன என்று சொல். வர மாட்டாய் என்றால், வர மாட்டேன் என்றாவது உன் கையால் எழுது.

உன் தங்கை