அண்ணன் வண்டிக்குள் போன தண்ணீர்

அன்புக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் சொல் பொய்யாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா, சின்னவளுக்கு இருமல் நின்றதா, ஈரத் தலையோடு அவளை வெளியே விடாதே. கையில் போன் இருக்க அம்மாவுக்கு ஏன் காகிதமும் பேனாவும் என்று நீ முழிப்பாய். இந்த வீட்டில் போனை எடுத்து மூச்சு விட்டாலே உன் அண்ணனுக்குக் கேட்டுவிடும். இது அவனுக்குத் தெரியாமல் எழுதுவது.

போன வாரம் பெய்த மழையில் அவன் ரொட்டி ஏற்றுகிற பேட்டரி வண்டி நின்றுவிட்டது. மாடியிலிருந்து விழுந்து கால் இரண்டும் போன பிறகு அவனை எழுப்பி உட்கார வைத்தது டாக்டரும் இல்லை நானும் இல்லை, அந்த வண்டிதான் என்பது உனக்கே தெரியும். கையாலேயே ஓட்டுகிற மாதிரி பிரேக்கை மாற்றி, பேக்கரி ரொட்டியைக் கடை கடையாகக் கொண்டுபோய், கடைக்காரர்களே வந்து தட்டை இறக்கிக்கொள்ள, இவன் சீட்டில் உட்கார்ந்தபடியே ஊர்வம்பு பேசிவிட்டு வருவான். இப்போது பேக்கரிக்காரர் வேறு ஆளை அனுப்புகிறார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ரொட்டி காத்திருக்குமா. உன் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். ஷேவ் பண்ணிக்கொள்ளவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, முன்பெல்லாம் உப்பு இல்லை உறைப்பு இல்லை என்று ஒரு சண்டையாவது போடுவான்.

எல்லாம் என் புத்திசாலித்தனம். சீட்டுக்கு அடியில் கன்ட்ரோலர் என்று ஒரு டப்பா இருக்கிறது, பேட்டரியின் கரண்டை அளந்து மோட்டாருக்குக் கொடுப்பது அதுதான். மழை வருகிறதே, நனைந்துவிடப் போகிறதே என்று நான்தான் அதைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, வயர்கள் வருகிற வாயை மேலே வைத்து டேப் சுற்றினேன். மழைத்தண்ணீர் அந்த வயர்களைப் பிடித்துக்கொண்டே வழிந்து பைக்குள் இறங்கியிருக்கிறது. இறங்கியது வெளியே போக வழியில்லை. காலையில் இவன் சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கருகல் வாடையோடு நின்றது. வண்டி பார்க்க வருகிறவர், நாம் மீட்டர்காரர் என்று சொல்வோமே, எப்போதும் கையில் மீட்டரோடு திரிவாரே, அவர்தான் வந்தார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார், பேட்டரியைப் பார்த்தார், சக்கரத்தைக் கையால் சுற்றினார், ஆக்ஸிலேட்டரைச் சோதித்தார், எல்லாம் சரி. பிறகு பையைப் பிரித்தார், ஒரு செம்பு தண்ணீர் கொட்டியது. யாரும்மா இப்படிக் கட்டினது, சும்மா விட்டிருந்தாகூட நனைஞ்சு காஞ்சிருக்குமே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன், நான்தாண்ணே கட்டச் சொன்னேன் என்று சொல்லிவிட்டான். அவன் சொல்லவே இல்லை குட்டிம்மா. என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதன் பிறகு செய்யாத வைத்தியமில்லை. அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உன் அப்பா நான் பார்க்காத நேரத்தில் அந்த டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார், அரிசி முழுக்கக் கருகல் நாற்றம். மீட்டர்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டு, மூடியைக் கழற்றி, பச்சை பூத்திருந்த முனைகளைப் பழைய பல் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, ஃபேன் காற்றில் காயவைத்தார். நன்றாகக் காய்ந்ததும், நேராகப் பேட்டரியில் கொடுத்தால் ஆபத்து என்று நடுவில் ஒரு பல்பை மாட்டினார். பல்பு ஒரு தரம் மின்னி அணைந்தால் டப்பா பிழைத்தது, எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று சொல்லிவிட்டுத்தான் வயரைத் தொட்டார். உன் அண்ணனைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். ஒரு விளக்கு அணைய வேண்டும் என்று என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன். அது பளிச்சென்று எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. உன் அண்ணன்தான், போதும்ணே, கழட்டிடுங்க, பேட்டரி வீணாகுது என்றான்.

வேறு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். மோட்டார் உறுமி நடுங்கியதே தவிர சக்கரம் சுற்றவில்லை. இந்த மோட்டாருக்கு இதே மாதிரிதான் வேண்டுமாம், வண்டி செய்த கம்பெனியையோ மூடிவிட்டார்கள். கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். நீ இருக்கும் பக்கம் குடோன்களில் இந்தப் பழைய வண்டிகள் இன்னும் ஓடலாம், கேட்டுப் பாருங்கள் என்கிறார் மீட்டர்காரர். அதை நான் சொன்னதும் உன் அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னான், தங்கச்சிகிட்ட கேக்காதம்மா, கேக்காத வரைக்கும் அங்க ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன், அவளும் இல்லேன்னு சொல்லிட்டா அப்புறம் நான் எதை நெனச்சுக்கிட்டுப் படுக்கறது என்று. இருந்தும் உன்னிடம் கேட்காமல் நான் யாரிடம் கேட்பேன்.

டப்பாவின் மேலிருந்த ஸ்டிக்கரை ஆவி காட்டி உரித்து இதோடு வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு எழுத்துகள் தண்ணீரில் அழிந்துவிட்டன, தெரிந்தவர்களிடம் காட்டு. வேலைக்கு நடுவில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, இந்தக் கவலையில் மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். டப்பா கிடைத்தால் எந்த நேரமானாலும் போன் பண்ணு, என்னிடம் வேண்டாம், அவனிடமே சொல். கிடைக்கவில்லை என்றால் எனக்கும் சொல்லாதே. நீ தேடிக்கொண்டிருக்கிறாய் என்று நானும் நினைத்துக்கொண்டு படுக்கிறேன்.

உன் அம்மா